டோக்கன் போனில் வருகிறது, நோயாளியின் வரலாறு?

வேலூரின் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கை எட்டிப் பார்த்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இல்லாத சில பொருள்கள் கண்ணில் படும். வாசல் மேசையில் பணம் செலுத்த ஒரு கியூஆர் அட்டை. காலையிலேயே வாட்ஸ்அப்பில் டோக்கன் எண் வாங்கிவிட்டுத் தன் முறைக்குச் சரியாக வந்து இறங்கும் சிலர். ஐந்து மணிக்கே வந்து பெஞ்சில் இடம் பிடித்துவிட்டு அவர்களை முறைத்துப் பார்க்கும் பலர். உள்ளே, பாதரசம் ஏறி இறங்கும் பழைய பிரஷர் கருவி இருந்த இடத்தில் மின்னணுக் கருவி, கைப்பெட்டி அளவில் ஓர் இசிஜி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, அச்சடித்த மருந்துச் சீட்டு. கொஞ்சம் வசதியான இடமென்றால் பின்னறையில் சிறு லேப்.

இவற்றில் எது நோயாளிக்கு உதவுகிறது, எது கிளினிக்கின் பெயர்ப்பலகைக்கு மட்டும் உதவுகிறது? நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோலில் இரண்டு கேள்விகள்தான். நம் உடம்பின் பழைய கதையை டாக்டர் நினைவில் வைத்திருக்க இந்தக் கருவி உதவுகிறதா? நம்மை இங்கேயே பார்ப்பதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க உதவுகிறதா? இரண்டுக்கும் உதவாததை அலங்காரம் என்றே சொல்வேன்.

இந்த அளவுகோல் வேலூருக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களால் நிரம்பி வழிகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு பெரிய நிழலில் வாழும் ஊரில், சாதாரண இருமலுக்கும் "நேரா சி.எம்.சி.க்கே போயிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. மறுபக்கம், நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணி இரண்டு நாள் வீட்டிலேயே கிடப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்தான் குடும்ப டாக்டர்.

சி.எம்.சி.யே இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. ஊர்களில் பணிபுரியும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்காக அது நடத்திவரும் தொலைவழிக் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பு, 'குறைவாக அனுப்பு, அதிகமாகத் தீர்த்துவை' என்ற பொருள் தரும் திட்டத்தின்கீழ் வளர்ந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன்னிடம் வரவேண்டிய கூட்டத்தைக் குறைப்பதற்காகவே சிறிய டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கிறது என்றால், பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள்.

மஞ்சள் பையும் பதினான்கு இலக்கமும்

முதல் கேள்வியான நினைவுக்கு வருவோம். நம் வீடுகளில் மருத்துவ ஆவணக் காப்பகம் என்பது பெரும்பாலும் துணிக்கடை கொடுத்த ஒரு பை. அதற்குள் 2014-இல் எடுத்த எக்ஸ்ரே, மகளின் பிரசவச் சீட்டு, போன மாதத்து ரத்தப் பரிசோதனை, எதற்கென்றே தெரியாத ஒரு ஸ்கேன் படம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். டாக்டர் கேட்கும் அந்த ஒரு தாள் மட்டும் வீட்டில் இருக்கும்.

மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண் கிடைக்கும். ஆவணங்கள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். நாம் போனில் ஒப்புதல் தந்தால் இன்னொரு டாக்டர் அவற்றைப் பார்க்கலாம். காகிதத்தில் இது அருமையான ஏற்பாடு. நடைமுறையில், ஆபா எண் கையில் இருப்பவர்கள் பலருக்கு அதற்குள் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் கிளினிக் கணினியில் எழுதினால்தானே அதில் ஏதாவது சேரும்? ஒரு மாலையில் அறுபது எழுபது பேரைப் பார்க்கும் டாக்டர் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து வந்து கதவைத் தட்டுவார்கள்.

இன்னொரு தொல்லை நம் பெயர்களில் இருக்கிறது. ஆதாரில் 'முருகன் கே', ரேஷன் அட்டையில் 'கே. முருகன்', கிளினிக் நோட்டில் 'முருகன், லுங்கிக்கடை'. மூன்றும் ஒரே ஆள் என்பது கம்பவுண்டருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் ஒரே மனிதருக்கு மூன்று பதிவுகள் உருவாகிவிடுகின்றன. வரலாறும் மூன்றாக உடைந்துபோகிறது.

இவ்வளவு சிரமத்துக்கு இது தகுமா என்று கேட்டால், தகும். காரணத்தை ஒரு மாத்திரையில் காட்டலாம். சர்க்கரை நோயாளி ஒருவர் குடும்ப டாக்டரிடம் கிளிமிபிரைடு கலந்த மாத்திரை சாப்பிட்டு வருகிறார். உறவினர் சொன்னார் என்று வேறொரு டாக்டரைப் பார்க்கிறார். அவரும் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதுகிறார். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. நோயாளி இரண்டையும் விழுங்குகிறார். நள்ளிரவில் வியர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறும் தாழ்சர்க்கரை நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சீட்டுகள் இரண்டும் ஒரே திரையில் தெரிந்திருந்தால் அந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

அரசுத் திட்டத்துக்கும் தனியார் கிளினிக்குக்கும் இடையிலும் இதே இடைவெளி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு இது பெரிய காரியம். ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் அதே பெண் தலைசுற்றல் என்று மாலையில் தனியார் டாக்டரிடம் போகும்போது, வீட்டுக்கு வந்த மாத்திரையைப் பற்றிச் சொல்வதில்லை. "அது கவர்மென்ட் மாத்திரைதானே" என்பது அவர் கணக்கு. இரு பக்கத்துப் பதிவுகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

கணினி வருவதற்கு முன் இந்த நினைவு டாக்டரின் தலைக்குள் இருந்தது. கைராசி டாக்டர் என்று நாம் சொல்கிறவர்களில் பலர் இருபது ஆண்டுகளாக ஒரே குடும்பத்தைப் பார்த்தவர்கள். அப்பாவுக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, மகளுக்கு எந்த வயதில் வீசிங் வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. நார்வேயில் பல லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரே குடும்ப டாக்டரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களை, ஓராண்டு மட்டுமே தொடர்ந்தவர்களுடன் ஒப்பிட்டார்கள். நீண்டகாலம் தொடர்ந்தவர்களுக்கு இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ கால்பங்கும், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் குறைந்திருந்தது. இது காரண-விளைவை முழுதாக நிறுவிவிடும் வகை ஆய்வில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இதே அளவுக்குப் பலன் தருவதாக ஒரு மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அது தலைப்புச் செய்தி ஆகியிருக்கும்.

வீட்டுக் கருவிகளும் வேலூர் வெயிலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே குடும்ப டாக்டரின் கிளினிக்கில் அதிகம் நடக்கும் பரிசோதனை சுகர்தான். விரல் குத்தும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது காட்டும் எண்ணைப் பலர் நீதிமன்றத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் கூடக்குறைய அனுமதிக்கிறது. லேபில் 200 என்று வரவேண்டியது வீட்டில் 175 என்றோ 225 என்றோ காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைப் பட்டைகளை வழக்கமாக 30 பாகைக்குள் வைக்கச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். மே மாதத்தில் வேலூர் 40 பாகையைத் தாண்டும். ஓடோ தகரமோ வேய்ந்த வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், மூடி சரியாக மூடாமல் கிடக்கும் டப்பாவிலிருந்து எடுத்த பட்டை என்ன எண்ணைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரல் குத்தினால் சுகர் ஏறித்தான் காட்டும். அது பழத்தின் சுகர். இன்சுலினுக்கும் இதே கதைதான். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் மூடி போட்ட டப்பாவில் வைப்பது நல்ல மாற்று வழி.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இப்போது சில கிளினிக்குகளில் ஐந்தாறு நிமிடத்தில் கிடைக்கிறது. பயனுள்ளது, சந்தேகமில்லை. டாக்டரைப் பார்க்க வரும் முன் இரண்டு நாள் மட்டும் கேழ்வரகுக் களிக்கு மாறுகிறவர்களின் வேடம் இதில் கலைந்துவிடும். ஆனால் இது ரத்தச் சிவப்பணுவை நம்பி நிற்கும் அளவு. இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் எண் உண்மையைவிட உயர்ந்து காட்டக்கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை இருக்கிறது. அதனால் ஒரு பெண்ணின் எச்பிஏ1சியை அவருடைய ஹீமோகுளோபினைப் பார்க்காமல் படிப்பது அரைகுறைப் படிப்பு.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்பதற்கு, கிளினிக்கில் மிகப் பெரிய உதவி இசிஜிதான் என்பேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற நெறி. ரத்தக்குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பில், கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு கிளினிக்கில் எடுத்த இசிஜியின் படம் நோயாளி போய்ச் சேர்வதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனில் சென்றுவிட்டால், அங்கே ஆயத்தமாக இருப்பார்கள். இந்தப் பக்கம் ஆஸ்பிரின் கொடுத்து 108-ஐ அழைத்துவிடலாம். முன்பு இவ்வளவும் 'சோடா குடித்துப் பாருங்கள்' என்ற அறிவுரையில் கரைந்துபோன நேரம்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. முதல் இசிஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று முடிவாகாது. சற்று நேரம் விட்டுத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாக வரலாம். தாளின் மேல்பகுதியில் இயந்திரம் தானாக அச்சிடும் 'இயல்பு' என்ற முடிவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறவரிடம் இசிஜி இருந்தும் பயனில்லை.

காய்ச்சலுக்கு எந்தச் செயலியும் சட்டையைக் கழற்றாது

வேலூர் மாவட்டத்துக் குடும்ப டாக்டரின் திறமையைச் சோதிக்க ஒரு நோயைச் சொல்லச் சொன்னால் நான் ஸ்க்ரப் டைபஸ் என்பேன். புதர்ப் பூச்சிக் குஞ்சு கடித்துப் பரவும் காய்ச்சல் இது. புல்வெளி, புதர், வயல் வரப்பு, ஆடு மேய்க்கும் இடம் எங்கும் அந்தப் பூச்சி இருக்கும். மழை முடிந்து குளிர்காலம் தொடங்கும் மாதங்களில் கூட்டமாக நோயாளிகள் வருவார்கள். நாட்டில் இந்நோயைப் பற்றி அதிகம் எழுதியவர்களில் வேலூர்க்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துத் தருவது தனித்தனியாகத் தருவதைவிடச் சிறந்தது என்று காட்டிய ஆய்வு, சி.எம்.சி. மருத்துவர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் நடந்து 2023-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது.

ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் இதற்கு மருந்து மிக மலிவு; டாக்சிசைக்ளின் மாத்திரை போட்ட இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பிடிக்கத் தவறினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிடிப்பதற்கான தடயம் உடம்பிலேயே இருக்கிறது: பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த ஒரு சிறு பொருக்கு. வலிக்காது, அரிக்காது, ஆகையால் நோயாளிக்கே தெரியாது. அது இருக்கும் இடங்களோ அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பக்கம், வேட்டியோ பாவாடையோ இறுக்கிக் கட்டும் இடுப்பு. தேடினால்தான் கிடைக்கும். தேட மறைப்புத்திரை வேண்டும். பெண் நோயாளிக்குத் துணையாக ஒரு செவிலியர் வேண்டும். ஐந்து நிமிடம் வேண்டும். இந்த மூன்றும் நான் பார்த்த எந்தக் கிளினிக்கின் விளம்பரத்திலும் இடம்பெற்றதில்லை.

அதற்குப் பதிலாகக் காய்ச்சலுக்கு வழக்கமாக நடப்பது 'பிளட் டெஸ்ட்' என்ற மூட்டை. அதில் விடால் பரிசோதனை இன்னமும் நிற்கிறது. டைபாய்டைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு முறை செய்யும் விடால் நம்பத்தக்கதில்லை என்று மருத்துவ நூல்கள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. பழைய தொற்றிலும் வேறு காய்ச்சல்களிலும் அது டைபாய்டு என்று காட்டும். உண்மையான ஆதாரம் ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். டெங்குவுக்கும் நாள் கணக்கு முக்கியம்: கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளில் பயன்படும், உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் அதற்குப் பிறகுதான் சரியாக வரும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் எடுத்து 'டெங்கு இல்லை' என்று சொல்வது காசைக் கரைப்பது. லேப் பின்னறைக்கே வந்துவிட்டதால் பரிசோதனைகள் கூடியிருக்கின்றன. அவை எல்லாமே தேவைப்பட்டவைதாமா என்று கேட்கும் ஆள்தான் கூடவில்லை.

இங்கேதான் தொலைபேசி மருத்துவத்தின் எல்லையும் தெரிகிறது. 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. போனிலோ வீடியோவிலோ பார்த்து மருந்து எழுதலாம் என்பது அப்போதுதான் தெளிவானது. பிரஷர் மாத்திரையைத் தொடர்வதற்கும், ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கம் கேட்பதற்கும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊரிலிருக்கும் அம்மாவின் அளவுகளை டாக்டருக்கு அனுப்பிக் கேட்பதற்கும் இது போதும். ஒடுகத்தூருக்கு மேலே மலைக்கிராமத்தில் இருப்பவருக்கு, சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஏறிப்போய்ப் பேசினாலும், கீழே இறங்கி வருவதைவிட அது லாபம். ஆனால் மூன்று நாள் காய்ச்சலுடன் வருகிறவரின் அக்குளை வீடியோவில் யாரும் பார்ப்பதில்லை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளைக் குடும்ப டாக்டர் போன்வழி எழுதக் கூடாது என்றும் அந்த நெறிமுறை சொல்கிறது. 'போன தடவை எழுதினீங்களே சார்' என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. சிறிய ஊரில் கிளினிக்கின் போனை வைத்திருக்கும் பெண் நம் தெருக்காரராகவே இருப்பார். கர்ப்பப் பரிசோதனை, மனநல மாத்திரை, காசநோய் முடிவு எல்லாம் அந்தப் போன் வழியே போய்வருகின்றன. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது சரிதான்; போனுக்குக் கடவுச்சொல் போடுவது அதைவிட உடனடியான பாதுகாப்பு.

ஸ்கேனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டு வைத்திருக்கும் எந்த இடமும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே அது எல்லாக் கிளினிக்கிலும் இராது, இருக்கவும் வேண்டாம். விழித்திரையைப் படமெடுத்துச் சர்க்கரையால் வந்த பாதிப்பைச் செயற்கை அறிவே கண்டுசொல்லும் கருவி மட்டும் குடும்ப டாக்டரிடம் வந்தால் நன்றாக இருக்கும். 2018-இலேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. கண் தெளிவாகத் தெரியும்வரை கண் டாக்டரிடம் போக மறுக்கிற ஊர் நம்முடையது. மாத்திரை வாங்க வரும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டால் சாக்குச் சொல்ல முடியாது.

செலவு யார் தலையில்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் அது பெரிய சிகிச்சைகளுக்கு. மாலை நேரக் கிளினிக்கின் கட்டணமும் இசிஜிக் காசும் நம் சட்டைப்பையிலிருந்துதான். டாக்டர் கணினி வாங்கி, பதிவெழுத ஓர் ஆளையும் வைத்தால் அந்தச் செலவை எடுப்பதற்கு அவருக்கு இருக்கும் எளிய வழி இன்னும் இரண்டு பரிசோதனை எழுதுவது. குறிப்பெழுதுவதற்கும் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதற்கும் நாம் தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஊசிக்கும் டெஸ்டுக்கும் கொடுக்கிறோம். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிளினிக்கில் பெருகும்.

இதற்கிடையே, நாற்பது ஆண்டுகளாக ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் குடியாத்தத்திலும் கிளினிக் நடத்திய தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. அவர்கள் பிள்ளைகளில் மருத்துவம் படித்தவர்கள் பெரும்பாலும் இதய நிபுணர், எலும்பு நிபுணர் என்று நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கிளினிக்கின் ஷட்டர் இறங்கும்போது மூன்று தலைமுறைக் குடும்பங்களின் வரலாறும் அதோடு உள்ளே போய்விடுகிறது. உங்கள் டாக்டருக்கு வயதாகிவிட்டதென்றால், அடுத்த முறை போகும்போது உங்கள் நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் ஒரே தாளில் எழுதி கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். நோயாளி தன் மருத்துவ ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளே சொல்கின்றன. அந்தத் தாளைப் போனில் ஒரு படமாகவும் எடுத்துவையுங்கள். ஆபாவில் சேர்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.